மின்சாரத்தில் பிறக்கும் முழவு

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஓர் ஒலியியல் பாடம்

ஒலியைப் பற்றிய பாடம் பள்ளிகளில் பெரும்பாலும் இசைக்கவையோடும் சுரமானியோடும் முடிவுறுகிறது. கம்பியின் அதிர்வையும் காற்றுக் கம்பத்தின் அதிர்வையும் மாணவர் அளந்து அறிகின்றனர். ஆனால் அவர்கள் அன்றாடம் கேட்கும் மத்தளம், தவில், பறை, மிருதங்கம் முதலியவற்றின் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்னும் வினா பாடப்புத்தகத்தில் அரிதாகவே இடம்பெறுகிறது. முழவின் ஒலி ஒரு நொடிக்குள் தோன்றி மறைவது; அதனை நிறுத்தி வைத்து ஆராய்வது கடினம். இக்கடினத்தைக் குறைக்கும் ஒரு சாதனமே மின்னியல் முழவொலித் தொகுப்பி. அலையியற்றி, இரைச்சல் மூலம், வடிப்பி, பெருக்கி ஆகிய தனித்தனி உறுப்புகளை வடங்களால் இணைத்து, முழவொலியைப் பகுதி பகுதியாகக் கட்டியெழுப்ப இக்கருவி இடமளிக்கிறது.

இக்கருவியை இசைக்கலைஞரின் விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர் உண்டு. ஒரு முழவை உற்றுக்கேட்டு, 'இவ்வொலி இன்னின்ன பகுதிகளால் ஆனது' என்று ஒருவர் கூறும் கூற்றை உடனே செய்து பார்த்துச் சோதிக்க உதவும் ஆய்வுக் கருவி என்பதே ஆசிரியரைப் பொறுத்தவரை இதன் மதிப்பு. ஆயினும் இதற்கு ஒரு குறையுண்டு. வடங்களைக் கழற்றிய மாத்திரத்தில் கட்டிய ஒலி அழிந்துவிடும். அதனைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லையேல் கருவி இருந்தும் பயனில்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகள் போன்ற, ஈரப்பதம் மிகுந்த, தலைநிலத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள இடங்களில் பணிபுரிவோர் இக்கருவியை இணைக்கும் முறையையும் பேணும் முறையையும் குறிப்பெழுதும் முறையையும் சேர்த்தே அறிதல் நலம்.

1. முழவொலியின் கூறுகள்

எந்த முழவை அடித்தாலும் அதன் ஒலியில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, அடி விழும் கணத்தில் தோன்றும் மோதல் ஒலி. விரலோ கோலோ தோலைத் தொடும் ஓசை இது. குறிப்பிட்ட சுருதி இன்றி, நொடியின் நூற்றில் சில பங்கு நேரமே நிலைப்பது. இரண்டாவது, தோலோ மரமோ தன் இயல்பான அதிர்வெண்களில் அதிர்வதால் உண்டாகும் ஒலி. சுருதி என்று செவி உணர்வது இதனையே. மூன்றாவது தணிவு. அதிர்வின் ஆற்றல் காற்றிலும் கட்டையிலும் கையிலும் செலவாகி ஒலி தேய்ந்து மறையும் முறை இது.

தணிவின் கணக்கை மின்தேக்கியைக் கொண்டு எளிதில் விளக்கலாம். 1 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி ஒன்றை மின்னேற்றி, 1 இலட்சம் ஓம் மின்தடை வழியாக மின்னிறக்கினால், அதன் மின்னழுத்தம் 0.1 நொடியில் தொடக்க மதிப்பின் 37 விழுக்காடாகக் குறையும். 0.5 நொடியில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அடிபட்ட முழவின் அதிர்வும் ஏறத்தாழ இவ்வாறே தேய்கிறது. ஆகவே மின்தேக்கியின் மின்னழுத்தத்தைக் கொண்டு ஒரு பெருக்கியின் அளவைக் கட்டுப்படுத்தினால், இடைவிடாது ஒலிக்கும் அலையும் அடிபட்ட முழவுபோல் எழுந்து அடங்கும். மின்னியல் முழவின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

இன்னொரு நுட்பமும் உண்டு. தோலை ஓங்கி அடிக்கும்பொழுது அதன் இழுவிசை ஒரு கணம் மிகுகிறது; ஆதலால் ஒலி சற்று உயர்ந்த சுருதியில் தொடங்கி, உடனே தன் நிலைக்கு இறங்குகிறது. இவ்விறக்கம் சிறிதாயினும் செவி அதனை 'வலுவான அடி' என்று உணர்கிறது. மின்கருவியில் இதனைச் சேர்க்காவிடில் ஒலி உயிரற்று, மணியோசை போல் நிற்கும்.

2. இராமன் கண்ட உண்மை

ஒரே சீரான தோலை வட்டமாக இழுத்துக் கட்டி அடித்தால், அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதங்களில் அமையும். கம்பியில் காணப்படும் 1, 2, 3, 4 என்ற ஒழுங்கு இங்கில்லை. எனவேதான் பல நாட்டு முழவுகள் தாளத்துக்கு உதவினும் தெளிவான சுருதியைத் தருவதில்லை. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விலக்காக நிற்பது ஏன்?

இவ்வினாவைச் சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1920-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார். பின்னர் 1934-இல் இந்திய விஞ்ஞான அகாதமியின் வெளியீட்டில் விரிவான கட்டுரை எழுதினார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடப்படும் கரிய சோறு தோலின் நடுப்பகுதியைக் கனமாக்குகிறது. இக்கனத்தின் விளைவாக, ஒழுங்கற்று நின்ற அதிர்வு வகைகள் ஒன்றையொன்று நெருங்கிக் கூட்டங்களாகச் சேர்கின்றன. முதல் ஒன்பது அதிர்வு வகைகள் 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன என்று இராமன் காட்டினார். பெயரறியாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகச் செவியாலேயே சோதித்துக் கண்ட உண்மையை விஞ்ஞானம் அளந்து உறுதிசெய்த நிகழ்ச்சி இது.

மின்னியல் முழவைக் கையாளும் ஆசிரியர்க்கு இவ்வாராய்ச்சி ஒரு வழிகாட்டி. இராமன் தோலில் கண்டதை மாணவர் இரண்டே அலையியற்றிகளைக் கொண்டு செவியால் உணர முடியும். அப்பயிற்சி பின்னர் கூறப்படும்.

3. கருவியின் உறுப்புகள்

இத்தகைய கருவிகளில் ஐந்து உறுப்புகள் பொதுவாகக் காணப்படும்.

அலையியற்றி: குறித்த அதிர்வெண்ணில் மின்னலையை உண்டாக்குவது. பல கருவிகளில் இதற்கு ஊட்டும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் 1 வோல்ட் உயர்ந்தால் அதிர்வெண் இரு மடங்காகும்; அதாவது சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் ஆதலால், ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லி வோல்ட் போதும்.

இரைச்சல் மூலம்: எல்லா அதிர்வெண்களும் கலந்த ஓசையைத் தருவது. மழையோசையை நினைவூட்டும் இது மோதல் ஒலிக்குப் பயன்படும்.

வடிப்பி: வேண்டாத அதிர்வெண்களை நீக்குவது. இரைச்சலை வடிகட்டினால் தோலோசை, கோலோசை, கையோசை எனப் பல வேறுபாடுகளை உண்டாக்கலாம்.

தணிவு உறுப்பு: தூண்டல் துடிப்பு கிடைத்ததும் மின்னழுத்தத்தை எழுப்பி, பிறகு மெல்ல இறக்குவது. மேலே கூறிய மின்தேக்கியின் வேலை இதுவே.

கட்டுப்பாட்டுப் பெருக்கி: தணிவு உறுப்பின் மின்னழுத்தத்துக்கேற்ப ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது.

சில கருவிகளில் இவற்றோடு படிவரிசை உறுப்பு ஒன்றும் சேர்ந்திருக்கும். அது ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டல்களை அனுப்பித் தாளத்தை நடத்தும். மூக் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'டி.எஃப்.ஏ.எம்.' என்னும் முழவொலித் தொகுப்பியில் இரண்டு அலையியற்றிகள், ஓர் இரைச்சல் மூலம், எட்டுப் படிகள் கொண்ட வரிசை உறுப்பு, 24 இணைப்புத் துளைகள் ஆகியன அமைந்துள்ளன. வடம் ஒன்றுமின்றியே இது ஒலிக்கும். வடங்களைச் செருகினால் உள்ளிணைப்பு மாறிப் புது ஒலிகள் பிறக்கும். தொடக்க நிலையினர்க்கு இவ்வகை அமைப்பு ஏற்றது.

வடம் செருகுகையில் ஓர் ஒழுங்கைப் பின்பற்றல் வேண்டும். ஒரு முனை எப்பொழுதும் வெளியீட்டிலும், மறுமுனை உள்ளீட்டிலும் இருத்தல் வேண்டும். இரண்டு வெளியீடுகளை ஒன்றோடொன்று இணைத்தல் தகாது. புதிய இணைப்பைச் செய்யுமுன் ஒலியளவைக் குறைத்துவிட வேண்டும். எதிர்பாராத பேரொலி செவிக்கும் ஒலிபெருக்கிக்கும் தீங்கு செய்யும்.

4. கருவி இல்லாத பள்ளிக்கு

விலையுயர்ந்த கருவி எல்லாப் பள்ளிகளிலும் இராது. அதனால் பாடம் தடைப்பட வேண்டுவதில்லை. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 'டி.ஆர்.-808' என்னும் புகழ்பெற்ற தாளக்கருவியின் பெருமுரசு ஒலி, 'பாலமிட்ட டி' எனப்படும் எளிய சுற்றின் அடிப்படையில் அமைந்தது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் இராகங்களை மின்னிசையாக அமைத்து வெளியிட்ட இசைத்தட்டில் தாளம் தந்ததும் இக்கருவியே. அதே தத்துவத்தில் ஒரு சிறு சுற்றை ஆசிரியர் தாமே அமைக்கலாம்.

தேவையானவை: டி.எல்.071 வகைச் செயல்பாட்டுப் பெருக்கி ஒன்று; 15 நானோ ஃபாரடு மின்தேக்கிகள் இரண்டு; 1 மெகா ஓம் மின்தடைகள் இரண்டு; 47 கிலோ ஓம் மின்தடை ஒன்று; 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டு; அழுத்து பொத்தான் ஒன்று.

இரு மின்கலங்களையும் தொடராக இணைத்து, அவற்றின் நடுப்புள்ளியைப் பொதுமுனையாகக் கொள்ளல் வேண்டும். பெருக்கியின் நேர் உள்ளீடு பொதுமுனையோடு இணைக்கப்படும். மின்தேக்கிகள் இரண்டும் தொடராகப் பெருக்கியின் வெளியீட்டுக்கும் எதிர் உள்ளீட்டுக்கும் இடையே அமையும். அதே இரு முனைகளுக்கிடையே 1 மெகா ஓம் மின்தடை பாலம்போல் நிற்கும். மின்தேக்கிகள் சந்திக்கும் இடத்திலிருந்து 47 கிலோ ஓம் மின்தடை பொதுமுனைக்குச் செல்லும். மற்றொரு 1 மெகா ஓம் மின்தடையின் ஒரு முனை அதே சந்திப்பிலும், மறுமுனை பொத்தான் வழியாக மின்கலத்தின் நேர்முனையிலும் சேரும்.

பொத்தானை அழுத்தியதும் சுற்று ஒரு முறை அடிபட்டதுபோல் அதிர்ந்து அடங்கும். அதன் அதிர்வெண்ணைக் கணிக்க, இரு மின்தடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, அதனை மின்தேக்கியின் மதிப்பாலும் 6.28 ஆலும் பெருக்கி, 1-ஐ அப்பெருக்கற்பலனால் வகுத்தல் வேண்டும். மேற்கண்ட மதிப்புகளுக்கு விடை ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். சிறிய ஒலிபெருக்கியில் இத்தாழ்ந்த ஒலி கேளாது. அப்பொழுது மின்தேக்கிகளை 4.7 நானோ ஃபாரடாக மாற்றினால் 156 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுற்றின் வெளியீட்டை, ஒலிபெருக்கியைத் தானே இயக்கவல்ல ஒரு தனிப் பெருக்கிக்கு ஊட்டுதல் அவசியம்.

இனி, 1 மெகா ஓமுக்குப் பதில் 4.7 மெகா ஓமையும், 47 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓமையும் இட்டால் இவ்விரண்டின் பெருக்கற்பலன் மாறுவதில்லை. ஆகையால் அதிர்வெண்ணும் மாறாது. ஆனால் ஒலி நிலைக்கும் நேரம் ஏறத்தாழ நாலரை மடங்காகும். பொத்தானோடு சேர்ந்த மின்தடையை மாற்ற வேண்டுவதில்லை. சுருதியும் தணிவும் தனித்தனிப் பண்புகள் என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் எளிய சோதனை காண்பது அரிது.

5. இணைப்புப் பயிற்சிகள்

முதற் பயிற்சி: ஓங்கிய அடி. அலையியற்றியை 60 ஹெர்ட்ஸில் வைத்து, அதன் வெளியீட்டைக் கட்டுப்பாட்டுப் பெருக்கியில் செருகுக. தணிவு உறுப்பின் வெளியீட்டால் பெருக்கியை இயக்குக. கேட்டபின், அதே தணிவு மின்னழுத்தத்தின் சிறு பகுதியை அலையியற்றியின் சுருதி உள்ளீட்டுக்கும் ஊட்டுக. முன்னது ஊதல்போல் ஒலிக்க, பின்னது அடிபோல் ஒலிப்பதைக் காணலாம். இழுவிசை மிகுந்து குறைவதன் விளைவு இதனால் புலனாகும். ஊட்டத்தை மேலும் பெருக்கினால் ஒலி இயற்கையை விட்டு விலகும். எந்த அளவில் விலகியது என்பதை ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே எழுதிப் பின்னர் ஒப்பிடுதல் நன்று.

இரண்டாம் பயிற்சி: இராமனின் விகிதம். இரு அலையியற்றிகளை 200, 318 ஹெர்ட்ஸில் வைத்து ஒரே தணிவுடன் ஒலிக்கச் செய்க. இது சோறு இடாத தோலின் விகிதம். பின்னர் இரண்டாவதை 400 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துக. முதல் ஒலியில் இரண்டு ஓசைகள் முரணி நிற்பதும், இரண்டாம் ஒலியில் அவை ஒன்றிச் சுருதியாக நிற்பதும் தெளிவாகக் கேட்கும். அலையியற்றியில் ஓர் இரட்டிப்பு நிகழ ஒரு குமிழைத் திருப்பினால் போதும். தோலில் அதே விளைவைப் பெறச் சோற்றைப் படலம் படலமாக இட்டுத் தேய்க்கும் கைத்திறன் வேண்டும். கருவி செய்வோரின் உழைப்பை மாணவர் மதிக்க இவ்வொப்பீடு உதவும்.

மூன்றாம் பயிற்சி: மோதல் ஒலி. இரண்டாம் பயிற்சியின் இணைப்பைக் கலைக்காமல், இரைச்சல் மூலத்தை வடிப்பி வழியாகச் செலுத்தி, 0.02 நொடி அளவே நிலைக்கும் தணிவுடன் சேர்க்க. சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் கேட்டால், அடித்த பொருள் விரலா கோலா என்பதைச் செவி இச்சிறு பகுதியைக் கொண்டே முடிவுசெய்கிறது என்று விளங்கும்.

6. அந்தமானின் ஒலிப்பலகை

தோல் முழவு ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்குவதை மிருதங்கம் வாசிப்போர் அறிவர். ஆண்டில் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்யும் அந்தமானில் இத்தொல்லை மிகுதி. இத்தீவுகளின் பழங்குடியினரான அந்தமானியர் தாளத்துக்குக் கையாண்ட கருவியிலோ தோலே இல்லை. எட்வர்டு ஹோரஸ் மேன் 1880-களில் எழுதிய குறிப்புகளிலும், எம். வி. போர்ட்மன் 1888-இல் அந்தமானியர் இசையைப் பற்றி எழுதிய கட்டுரையிலும், 1906 முதல் 1908 வரை தீவுகளில் ஆய்வு நடத்திய ராட்கிளிஃப்-பிரௌன் 1922-இல் வெளியிட்ட நூலிலும் அக்கருவி குறிக்கப்பட்டுள்ளது. கேடயம் போன்ற வடிவில் செதுக்கிய மரப்பலகை அது. குவிந்த பக்கம் மேல்நோக்க அதனைத் தரையில் வைத்து, பாட்டை நடத்துபவர் காலால் தட்டித் தாளமிடுவார். பெண்கள் அமர்ந்து தொடையில் கையறைந்து உடன் தாளமிடுவர், மற்றையோர் ஆடுவர்.

இப்பலகையின் ஒலியை மின்கருவியில் எவ்வாறு அணுகலாம்? மரக்கட்டையின் அதிர்வு தோலின் அதிர்வைப் போன்றதன்று. இரு முனையும் கட்டற்ற சீரான சட்டம் ஒன்றின் அதிர்வெண்கள் 1, 2.76, 5.40 என்ற விகிதத்தில் அமையும் என்பது ஒலியியலில் நிறுவப்பட்ட முடிவு. வளைந்த பலகை அவ்விகிதத்தை அப்படியே பின்பற்றாது. எனினும் தொடக்கத்துக்கு அது போதும். பலகை தரையைத் தொட்டு நிற்பதாலும் கால் அதன்மேல் படுவதாலும் தணிவு விரைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். குதிகால் மென்மையானது ஆதலால் மோதல் ஒலியில் உயர்ந்த அதிர்வெண்கள் குறையும்.

இவ்வூகங்களின்படி முதல் அலையியற்றியை 80 ஹெர்ட்ஸிலும், இரண்டாவதை 221 ஹெர்ட்ஸிலும் வைத்து, இரண்டாவதற்கு மிகக் குறுகிய தணிவு தந்து, நன்கு வடிகட்டிய இரைச்சலைச் சேர்க்கலாம். 80 என்னும் எண் பயிற்சிக்காகக் கொண்ட ஒரு தொடக்கமே. மாணவர் ஒரு பழைய மரப்பலகையைத் தரையில் வைத்து மிதித்துக் கேட்டு, தம் இணைப்பைத் திருத்திக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எழுத்துக் குறிப்பைக் கொண்டு கட்டிய ஒலி, ஓர் ஊகத்தின் உருவமே. அதனை 'அந்தமானியரின் இசை' என்று மாணவரிடம் கூறுதல் தவறு. ஒரு சமூகத்தின் தாளம் அதன் பாட்டிலும் மொழியிலும் ஆட்டத்திலும் பிரிக்க முடியாதவாறு கலந்துள்ளது. அந்தமானிய மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 சனவரியில் காலமானார். அவர் பாடியனவும் பேசியனவும் இன்று கேட்கக் கிடைப்பதற்குக் காரணம், மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவரிடம் சென்று, அவர் விருப்பத்துடன் ஒலிப்பதிவு செய்து வைத்ததே. பதியாது போனவற்றை எந்தச் சுற்றும் மீட்டுத் தராது.

பழங்குடியினர் வாழும் பகுதிகள் 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் காக்கப்படுகின்றன. ஒலிப்பதிவு என்னும் நோக்கம் நல்லதேயாயினும், அனுமதியின்றி அங்குச் செல்லவோ பதிவு செய்யவோ எவருக்கும் உரிமையில்லை. களப்பணியாளர் இதனை முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டும்.

7. அகமதாபாத் தரும் படிப்பினை

வடங்களால் இணைக்கும் ஒலித்தொகுப்பி இந்தியாவுக்குப் புதியதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிலையத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே ஒரு மின்னிசைக் கூடம் அமைக்கப்பட்டது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அங்கு மூக் ஒலித்தொகுப்பியை நிறுவிப் பயிற்சி அளித்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு 1940-களில் இந்திய இசையைக் கற்பித்த கீதா சாராபாய் அக்கூடத்தில் பணியாற்றினார். ஐ. எஸ். மாத்துர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அக்கருவியில் புதிய ஒலியமைப்புகளைச் செய்தனர்.

அக்கருவிக்கு நினைவகம் கிடையாது. ஒரு நாள் கட்டிய இணைப்பு மறுநாள் வேறொருவர் கைபட்டதும் மறைந்திருக்கும். ஆயினும் அவர்கள் செய்தவை முற்றும் அழியவில்லை. ஒலிநாடாக்களில் பதிந்து நிலையத்தின் காப்பகத்தில் கிடந்தன. பல்லாண்டுகளுக்குப் பின்னர் பால் பர்கஸ் என்னும் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்தார். 2023-இல் அவற்றின் தொகுப்பு வெளியாயிற்று. இந்திய மின்னிசையின் தொடக்கத்தை இன்று உலகம் அறிவது அந்நாடாக்களாலேயே. கருவியினும் பதிவு நீண்ட நாள் வாழும் என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை.

8. இணைப்பேடு

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இணைப்பேடு வைத்தல் கட்டாயமாகும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்வருவனவற்றை எழுதுக.

அ) நாள், இடம், அறையின் வெப்பநிலை.
ஆ) எந்த வெளியீட்டிலிருந்து எந்த உள்ளீட்டுக்கு வடம் செல்கிறது என்னும் பட்டியல்.
இ) ஒவ்வொரு குமிழின் நிலை. கடிகார முள்ளின் நிலையால் குறிப்பது எளிது. 'சுருதி, 2 மணி' என்பது போல.
ஈ) எந்த முழவின் எந்த அடியை நோக்கிச் செய்தது என்னும் குறிப்பு.
உ) இயற்கை ஒலியோடு ஒத்தது எது, ஒவ்வாதது எது என்பது பற்றிய கருத்து.

இவற்றுள் கடைசியே மிக முக்கியமானது. 'நன்றாயிருந்தது' என்று எழுதுவதால் பயனில்லை. 'தணிவு நீண்டுவிட்டது, தோலைவிட மணியை ஒத்தது' என்று எழுதினால் அடுத்தவர் அவ்விடத்திலிருந்து தொடர முடியும். ஈரக்காற்றில் மை ஊறிப் பரவுமாதலால் பென்சிலால் எழுதுதல் நலம். இயன்றபோது கைபேசியிலேனும் ஒலியைப் பதிந்து, அதற்குப் பக்க எண்ணையே பெயராக இடலாம்.

9. தீவில் கருவியைப் பேணுதல்

கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புத் துளைகளையும் குமிழ்களின் உட்பகுதியையும் அரிக்கும். குமிழைத் திருப்புகையில் கரகரவென்னும் ஓசை கேட்டால் அது அரிப்பின் முதல் அறிகுறி. பயன்படுத்தாத நேரத்தில் கருவியைக் காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தல் வேண்டும். நிறம் மாறிய பொட்டலங்களை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். வடங்களின் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் அவ்வப்போது துடைக்க வேண்டும். படகில் எடுத்துச் செல்லுகையில் பெட்டியை உறையிட்டு மூடுதலும், வந்ததும் உடனே திறவாமல் அறையின் வெப்பநிலைக்கு வரவிடுதலும் உள்ளே நீர் படிவதைத் தடுக்கும்.

வெப்பநிலை மாறினால் அலையியற்றியின் சுருதியும் மாறும். மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டரின் பண்பு, தனிவெப்பநிலையைப் பொறுத்தது. அறைவெப்பத்தில் 3 டிகிரி உயர்ந்தால் அப்பண்பு ஏறத்தாழ 1 விழுக்காடு மாறும். நல்ல கருவிகளில் இதனை ஈடுசெய்யும் தனி மின்தடை அமைந்திருக்கும். எனினும் முழு ஈடு கிடைப்பதில்லை. ஆதலால் கருவியை இயக்கி 20 நிமிடங்கள் கழிந்த பின்னரே சுருதி சேர்த்தல் வேண்டும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் கல்லும் கட்டையும் கொண்டு வாத்தியத்தைத் தட்டிச் சேர்ப்பதற்கு ஒப்பானது இது. ஒரு வாரத்துக்கு முன் எழுதிய குமிழ் நிலை இன்று சற்று வேறான சுருதியைத் தருமாயின் கருவி பழுதென்று கொள்ள வேண்டுவதில்லை. இணைப்பேட்டில் வெப்பநிலையைக் குறிக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

தீவுகளின் மின்வழங்கல் தலைநிலத்தோடு இணைந்ததன்று. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் நிலைநிறுத்தியின் வழியாகவே கருவியை இயக்குதல் வேண்டும். கருவியுடன் வந்த மின்மாற்றியைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்த நேர்ந்தால், மின்னழுத்தத்தையும் முனைகளின் நேர்-எதிர் வரிசையையும் சரிபார்த்த பின்னரே செருகுக. வீட்டு மின்சாரம் பாயும் பகுதியை மாணவர் முன்னிலையில் திறத்தல் கூடாது. பழுது நேரின், முதலில் வடத்தையும், அடுத்து மின்வழங்கியையும், அதன்பின் துளைகளையும், கடைசியாகவே சுற்றையும் ஐயுறுதல் முறை.

10. முடிவுரை

முழவொலித் தொகுப்பி மிருதங்கத்துக்கோ பறைக்கோ ஈடாகாது. ஈடாக வேண்டும் என்பதும் அதன் நோக்கமன்று. அதனிடம் பயின்ற மாணவர் அடுத்த முறை கோயில் திருவிழாவில் தவிலைக் கேட்கும்போது, மோதலும் சுருதியும் தணிவும் தனித்தனியே அவர் செவியில் விழும். அவ்வாறு கேட்கப் பழகிய செவியும், கேட்டதை எழுதப் பழகிய கையும் இருப்பின், 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு சுற்றும் ஓர் ஆராய்ச்சிச் சாலையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 2 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி 50,000 ஓம் மின்தடை வழியாக மின்னிறங்கினால், மின்னழுத்தம் 37 விழுக்காடாகக் குறைய எவ்வளவு நேரமாகும்?

2. 100 ஹெர்ட்ஸில் நிற்கும் அலையியற்றியின் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை 2 வோல்ட் உயர்த்தினால் அதிர்வெண் யாது?

3. மிருதங்கத்தின் வலந்தலையில் சோறு இல்லாவிடின் அதன் சுருதி தெளிவிழப்பது ஏன்?

4. உங்கள் ஊரில் வழங்கும் ஒரு முழவின் ஓர் அடியைத் தேர்ந்து, அதன் மூன்று கூறுகளையும் சொற்களால் விவரித்து எழுதுக. அவ்விவரிப்பை மட்டுமே கொண்டு வேறொருவர் அவ்வொலியை இணைக்க இயலுமா என்று சோதித்துக் காண்க.